வகுப்பில் பேசுபவர் தவறிவிட்டால் எடுத்துக் கொடுப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் பல வருடமாக உதவி வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, பதினொரு மணிக்கு டீ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. மகளிர் குழுக் கூட்டம், படகு டிரைவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, பள்ளிக்கூட விழா என்று எல்லாவற்றிலும் ஒரு ஓரத்தில் இருப்பேன். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, அந்த சார் சொன்னது தப்பு மாதிரி இருக்கே. சொல்லலாமா, வேண்டாமா?”

சொல்லலாம். பல நேரம் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழக்கரையைச் சேர்ந்த என் தோழி ஒருத்தி ஒருமுறை அவர்கள் தொழுகையைப் பற்றி விளக்கினாள். முன்னால் நின்று தொழுகை நடத்தும் இமாம் உட்கார வேண்டிய இடத்தில் மறந்து எழுந்துவிட்டால், பின்னால் நிற்கும் ஆண்கள் “சுப்ஹானல்லாஹ்” என்பார்கள். இறைவன் தூயவன் என்று பொருள். பெண்கள் கையைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். ஓதும்போது வசனம் தவறினால், பின்னால் நிற்பவர்களில் தெரிந்த ஒருவர் சரியான வசனத்தை எடுத்துக் கொடுப்பார். இமாம் அதைப் பிடித்துக்கொண்டு தொடர்வார். மறந்துபோனதற்காகத் தொழுகையின் முடிவில் கூடுதலாக இரண்டு ஸஜ்தா, அதாவது நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது, செய்வதும் உண்டு. தொழுகை நிற்காது, யார் முகமும் வாடாது.

நம் ஊர்த் திருவிழா நாடகத்திலும் பார்த்திருப்பீர்கள். வேஷம் கட்டியவர் பாட்டு வரியை மறந்து ஒரு நொடி தடுமாறினால், ஆர்மோனியக்காரர் பின்பாட்டிலேயே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடுவார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

‘தப்பைக் கண்டுபிடிப்பது’ என்கிறோம், ‘எடுத்துக் கொடுப்பது’ என்றும் சொல்கிறோம். வகுப்பறையிலும் நாம் செய்ய வேண்டியது இரண்டாவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

தவறு என்று தோன்றியவுடன் பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சிரிக்காதீர்கள். மேடையில் நிற்பவருக்கு முன்வரிசைச் சிரிப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். நோட்டை எடுத்து, அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள். எழுதும்போதே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். தனுஷ்கோடிப் புயலைப் பற்றி ஒருவர் பேசும்போது “1964 ஜனவரியில் புயல்” என்று காதில் விழுந்திருக்கும். அடுத்த நிமிடமே அவர் “அந்த டிசம்பர் ராத்திரி” என்று பேசிக்கொண்டு போவார். அது நாக்குப் பிசகு. அவருக்கு விஷயம் தெரியும், வாய் தவறிவிட்டது. அதை விட்டுவிடலாம்.

2. அவர் தவறா, நம் தவறா என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். நானும் அவசரப்பட்டேன்.

கல்லூரியில் படித்தபோது ஓர் ஆசிரியர், 1964 புயலில் பாம்பன் ரயில் பாலம் முழுசாக அழிந்துபோகவில்லை என்று சொன்னார். நான் எழுந்து நின்று, “இல்லை சார், பாலம் போய்விட்டது. எங்கள் தாத்தா நேரில் பார்த்தவர்” என்றேன். தனுஷ்கோடிக் கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை நான். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அவர் கோபப்படவில்லை. பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பகுதியைக் கடல் அடித்துக்கொண்டு போனது உண்மை, ஆனால் தூண்கள் நின்றன, நடுவில் திறந்து மூடும் பகுதியும் நின்றது என்று பொறுமையாகச் சொன்னார். ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். அழிந்தது தனுஷ்கோடி ஊரும், அங்கே போன ரயில் பாதையும், அந்த இரவில் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலும். தாத்தா சொன்னதும் பொய்யில்லை. உடைந்த பாலத்தை அவர் கண்ணால் பார்த்தார். ‘போய்விட்டது’ என்ற ஒரு சொல்லை நான் முழு அழிவு என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் அறுபது பேர். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்த ஆசிரியர் மட்டும் சாயங்காலம் கூப்பிட்டு, “உங்க தாத்தா வேற என்னம்மா சொல்லுவார்?” என்று கேட்டு உட்கார வைத்துப் பேசினார். அவரிடம் நான் கற்றது நிறைய.

அதனால் கை தூக்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, பெயர் மாறியிருக்கிறதா? ராமேஸ்வரம் தீவில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்போம். வெளியூரிலிருந்து வரும் அதிகாரி வரைபடப் பெயரைச் சொல்வார், நம் ஆள் ஊர்ப் பெயரைச் சொல்வார். இரண்டும் ஒன்றே. இது தெரியாமல் இருவரும் அரை மணி நேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இடம் மாறியிருக்கிறதா? விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்குக் கடற்கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளாப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த பயிற்சியாளர் ‘ஜூலையில் தடை’ என்றால் அவருடைய கடலுக்கு அது சரி. “சார், இது நம்ம கிழக்குக் கரைக்கா, அந்தப் பக்கத்துக்கா?” என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, நமக்கு அது எப்படித் தெரியும்? கேள்விப்பட்டதா, படித்ததா, கையால் செய்து பார்த்ததா? கடல் பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். அதை மீன் என்று டீச்சர் சொன்னால் தவறுதான். அது பாலூட்டி, நுரையீரலால் மூச்சுவிடும், மேலே வந்து காற்று வாங்கும், கடல்புல்லை மேயும். ஆனால் ‘கடல் குதிரையும் மீன் இல்லை’ என்று அதே வேகத்தில் ஒரு பையன் எழுந்து திருத்தியதைக் கண்டிருக்கிறேன். கடல் குதிரை மீன்தான். அதற்குச் செவுள் உண்டு, துடுப்பு உண்டு. ஒன்று சரியாகத் தெரிந்த தைரியத்தில் இன்னொன்றிலும் கை வைத்துவிடுகிறோம்.

3. அவசரம் எவ்வளவு?

தவறுதான் என்று உறுதியாகிவிட்டது. சரி, இப்போதே சொல்வதா, பிறகு சொல்வதா? நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை நம்பி ஒருவர் நாளைக்கு ஏதாவது செய்தால் அவருக்கு என்ன ஆகும்?

முதலுதவி வகுப்பில், கடலில் மூழ்கி மூச்சில்லாமல் கிடப்பவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், பேச்சு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றை அமுக்குவது ஆபத்து. உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில், சுமார் 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்க வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும் அந்த மூச்சு ரொம்ப முக்கியம். இந்தக் கரையில் அந்த வகுப்பில் இருக்கும் யாருக்கும் அது அடுத்த வாரமே தேவைப்படலாம். அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. துறைமுகத்துக்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் தொலைவில் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது என்பதற்காகத்தான் அதை ஏற்றுகிறார்கள். அந்தக் கடலுக்குப் போகிறவனுக்கு அது சேதிதான். கரையில் கடை வைத்திருப்பவருக்கும் படகு டிரைவருக்கும் ஒரே வாக்கியம் ஒரே பொருள் தராது. 11ஆம் எண்ணைப் பற்றியும் குழப்பம் உண்டு. அது மிகப் பெரிய காற்று என்று நினைப்பார்கள். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

சட்டம் தொடர்பான தவறும் இதே வரிசையில் வரும். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது அதைப் பிடிக்கவே கூடாது. ‘கொஞ்சம் பிடித்தால் கண்டுகொள்ள மாட்டார்கள்’ என்று யாராவது மேடையில் பேச்சுவாக்கில் சொன்னால், கேட்டுவிட்டுப் போன பையன்தான் வழக்கில் மாட்டுவான், பேசியவர் மாட்டமாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் உணர்ச்சியோடு, “இந்தப் பாம்பனிலிருந்துதான் விவேகானந்தர் சிகாகோவுக்குக் கப்பல் ஏறினார்” என்கிறார். அவர் கப்பல் ஏறியது 1893இல் பம்பாயிலிருந்து. பாம்பனுக்கு அவர் வந்தது திரும்பி வரும்போது, கொழும்பு வழியாக, 1897 ஜனவரி 26ஆம் தேதி. அவரை அனுப்பிவைக்கத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி மன்னர் இங்கேதான் அவரை வரவேற்றார். தவறு தவறுதான். ஆனால் அதனால் அன்று சாயங்காலம் யாருக்கும் ஆபத்தில்லை. பிள்ளைகள் மாலையோடு நிற்கிறார்கள், பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் விருந்தாளி. அங்கே நிறுத்த வேண்டாம். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் பிள்ளைகளிடம், “நேற்று விழாவில் கேட்டோமே, அந்தப் பயணத்தை இன்று வரைபடத்தில் பார்ப்போம்” என்று ஆரம்பித்தால் சரியான செய்தி இன்னும் ஆழமாக இறங்கும். கலாம் நினைவிடம் பேய்க்கரும்பில் 2015இல் திறக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னாலும் இதே கதை. 2015இல் அங்கே அடக்கம் செய்தார்கள். மணிமண்டபம் திறந்தது 2017 ஜூலை 27இல்.

4. வாயைத் திறக்கும்போது

மகளிர் குழு வகுப்பு ஒன்றில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இதைவிட நல்ல பாடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

கடல்பாசி எடுக்கும் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். அதிகாலையிலேயே கடலுக்குப் போய், தீவு ஓரத்துப் பாறைகளில் முங்கி முங்கிப் பாசி எடுத்துவிட்டு வந்த களைப்பு. பல பேர் விரலில் துணி சுற்றிய தடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. பேச வந்தவர் இளம் அதிகாரி, வெளி மாவட்டம், நல்ல பிள்ளை. திரையில் ஒரு படத்தைக் காட்டி, “இதுதான் மரிக்கொழுந்துப் பாசி” என்றார். திரையில் இருந்தது கஞ்சிப்பாசி. இரண்டுக்கும் விலை வேறு, காயவைக்கும் பக்குவம் வேறு, எடுக்கும் விதமும் வேறு. முப்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் சலசலப்பு. அதிகாரிக்கு ஏதோ நடக்கிறது என்று புரிகிறது, என்னவென்று தெரியவில்லை. காது சிவந்துபோயிற்று.

நடுவரிசையில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், உட்கார்ந்தபடியே கேட்டார். “சார், கண்ணு சரியாத் தெரியல. அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க.”

காட்டினார்.

“எங்க ஊர்ல இதைக் கஞ்சிப்பாசின்னு சொல்லுவோம் சார். மரிக்கொழுந்து கொத்துக் கொத்தா, கட்டையா இருக்கும். உங்க புஸ்தகத்துல இதுக்கு வேற பேரு போட்டிருக்காங்களா?”

அவர் அடுத்த படத்துக்குப் போனார். அதில் மரிக்கொழுந்து இருந்தது, கீழே கஞ்சிப்பாசி என்று எழுதியிருந்தது. “படம் மாறிப்போச்சும்மா. நீங்க சொல்றதுதான் சரி” என்று சிரித்தார். சலசலப்பு அடங்கியது. மீதி வகுப்பு முழுக்க ஒவ்வொரு படத்தையும் காட்டிவிட்டு, “நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டுக் கேட்டே நடத்தினார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்ததுதான் வகுப்பு.

அந்த அம்மா என்ன செய்தார் என்று கவனித்துப் பாருங்கள். மறுபடி பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தனக்குத் தெரிந்ததை ‘எங்க ஊர்ல’ என்று தன் பக்கத்தில் வைத்துச் சொன்னார். அடையாளம் சொன்னார்: கொத்தாக, கட்டையாக. வெறும் மறுப்பு இல்லை, எதிரில் இருப்பவர் சரிபார்க்க ஒரு பிடி இருந்தது. கடைசியில் கேள்வியாக முடித்தார். அந்தக் கேள்வியில் அதிகாரி வெளியே வர ஒரு கதவு இருந்தது.

புதியவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள எளிய வாக்கியங்கள் சில:

“சார், அந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்.” பாதித் தவறுகள் இந்த ஒரு வாக்கியத்திலேயே சரியாகிவிடும். திரும்பச் சொல்லும்போது அவரே கண்டுகொள்வார்.

“மேடம், போன வகுப்புல நெஞ்சுக்கு நடுவுலன்னு எழுதி வெச்சிருக்கேன். இப்ப வயிறுன்னு கேட்டுச்சு. எதைப் பண்ணணும்?” ஆபத்தான விஷயத்துக்கு இது. மெதுவாகச் சொல்ல வேண்டாம். எல்லார் காதிலும் விழ வேண்டும்.

“ஐயா, எங்க அப்பா இதை வேற மாதிரி செய்வார். ரெண்டுல எது நல்லது?” அனுபவம் சார்ந்த விஷயத்துக்கு இது. அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டால் நம் ஊரில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சொல்லக் கூடாதவையும் உண்டு. “நீங்க சொன்னது தப்பு” என்று தொடங்காதீர்கள். போனைத் தூக்கிக் காட்டி, “கூகுள்ல வேற போட்டிருக்கு” என்று சொல்லாதீர்கள். அந்தக் கையைத் தூக்கிய விதம்தான் அவர் மனதில் நிற்கும், செய்தி நிற்காது. “ஆனைக்கும் அடி சறுக்கும் சார், பரவாயில்லை” என்று ஆறுதல் சொல்வதும் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வீர்கள், ஆனால் முப்பது பேர் நடுவில் அது சறுக்கலை இன்னொருமுறை சொல்லிக்காட்டுவது போல ஆகிவிடும். அவர் திருத்திக்கொண்டதும் “நன்றி சார்” என்று உட்கார்ந்துவிடுங்கள்.

5. ஆளைப் பொறுத்து

பள்ளி ஆசிரியர் என்றால், பிள்ளைகள் முன்னால் கேள்வியாகக் கேட்பதில் தவறில்லை. எழுத்துப்பிழை, கூட்டல் பிழை போன்றவற்றைப் பலகையிலேயே காட்டலாம். நல்ல ஆசிரியர்கள் அதற்குச் சந்தோஷப்படுவார்கள். பெற்றோராக நீங்கள் வீட்டில் நோட்டைப் பார்த்துத் தவறு கண்டால், பிள்ளை கையில் திருத்தி அனுப்பாதீர்கள். நாளை வகுப்பில் நின்று அடி வாங்கப்போவது பிள்ளை. நீங்களே நேரில் போய், தனியாக, ஐந்து நிமிடம் பேசுங்கள்.

பயிற்சிக்கு வரும் அதிகாரி என்றால் வகுப்பிலேயே கேட்கலாம். கேட்பதற்காகத்தான் வகுப்பு. ‘அதிகாரி’ என்ற பயத்தில் வாயடைத்துப்போகும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும்.

வயதான சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்), நாற்பது வருடம் படகு ஓட்டியவர், இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார் என்றால் கவனம் தேவை. காற்று, நீரோட்டம், பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடம் பற்றி அவர் சொல்வதை எந்தப் புத்தகத்தை வைத்தும் திருத்தாதீர்கள். முதலில் கேளுங்கள். ஜிபிஎஸ், அவசர எண் மாதிரியான விஷயத்தில் பழைய தகவல் சொன்னால், “அண்ணே, இப்ப கடலோரக் காவல் படைக்கு 1554ன்னு நம்பர் இருக்கு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அதையும் சேர்த்துச் சொல்லிருங்க” என்று கையில் எழுதிக் கொடுங்கள். அவர் வாயால் சொன்னால் பையன்கள் மறக்க மாட்டார்கள்.

பயான் (பள்ளிவாசல் சொற்பொழிவு), பிரசங்கம், கதாகாலட்சேபம் இவற்றில் நடுவில் எழ வேண்டாம். அந்தந்த இடத்துப் பெரியவர் யாரிடமாவது சொல்லி, அவர் வழியாகப் போகட்டும்.

6. ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

நடக்கும். “எனக்குச் சொல்லித்தர்றியா?” என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் இரண்டாவது முறை வாதாடினால் விஷயம் போய், இருவருக்கும் இடையிலான சண்டை மட்டும் மிஞ்சும். “சரி சார், நான் பார்த்துட்டு வந்து கேக்குறேன்” என்று உட்காருங்கள். டீ நேரத்தில் தனியாகப் போய், ஆதாரத்தைக் காட்டுங்கள்: துறை கொடுத்த கையேடு, பாடப்புத்தகத்தின் பக்கம், அரசாணை. மேடையில் மறுத்தவர்கள் தனியாக ஒத்துக்கொள்வது அதிகம். எதிரில் முப்பது பேர் இல்லையே.

உயிருக்கு ஆபத்தான விஷயத்தில் மட்டும் இது பொருந்தாது. அவர் மறுத்தாலும் வகுப்பை ஏற்பாடு செய்தவரிடம் உடனே போய்ச் சொல்லுங்கள். எங்களைப் போல ஓரத்தில் நிற்கிறவர்கள் அதற்கும்தான் இருக்கிறோம். மரியாதை போய்விடுமோ என்று அன்றைக்கு நீங்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு இன்னொருவர் விலை கொடுப்பார்.

7. திருத்தம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா?

பெரும்பாலோர் பேசியவரிடம் சொன்னதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி விட்டிருக்கிறேன்.

படகு டிரைவர்களுக்கான வகுப்பு. பேசியவர் நல்ல அனுபவசாலி, இரண்டு மணி நேரம் அருமையாகப் பேசினார். இடையில் ஒரு இடத்தில், “ஒரு கடல் மைல்னா 1.6 கிலோமீட்டர்” என்று சொல்லிப் பலகையிலும் எழுதினார். 1.6 என்பது தரை மைலின் கணக்கு. கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் கரை 12 கடல் மைல் என்று ஜிபிஎஸ் காட்டும்போது, ஒருவர் 19 கிலோமீட்டர் என்று நினைத்து டீசல் கணக்குப் போடுவார். உண்மையில் 22க்கு மேல். எதிர்க்காற்றில் அந்த மூன்று கிலோமீட்டர் லேசான விஷயம் இல்லை. என்ஜின் நின்றுபோய், போனில் ‘இத்தனை கிலோமீட்டரில் இருக்கிறேன்’ என்று சொன்னால், தேடி வருகிற படகு வேறு இடத்தில் தேடும்.

எனக்குத் தெரிந்தது. கை தூக்கவில்லை. பெரியவர், அத்தனை ஆண்கள், நான் பதிவேடு பார்க்கிறவள் என்ற கூச்சம். டீ நேரத்தில்தான் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “அட, ஆமாம்மா. தரை மைலைச் சொல்லிட்டேன். அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார். டீ முடிந்து உள்ளே போனதும் பலகையில் 1.6ஐ அழித்துவிட்டு 1.852 என்று பெரிதாக எழுதி, தன் தவறு என்றும் சொன்னார். ஆனால் நாற்காலிகளில் மூன்றில் ஒரு பங்கு காலி. மறுநாள் கடலுக்குப் போகிற நாள். ஐஸ் ஏற்ற, வலை பார்க்க என்று டீயோடு கிளம்பிவிட்டார்கள். அவர்களோடு 1.6உம் கிளம்பிவிட்டது.

அவரிடம் போய், “சார், உங்க கையால எழுதிக் கொடுங்க. கிளம்பிப் போனவங்களுக்கு நான் சேர்த்துடறேன்” என்றேன். ஒரு வெள்ளைத்தாளில் ‘1 கடல் மைல் = 1.852 கி.மீ. வகுப்பில் தவறாகச் சொன்னதைத் திருத்திக்கொள்ளவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. போன் நம்பர் இருந்தவர்களுக்கு அன்று ராத்திரியே தாளைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மீதிப் பேருக்காக மறுநாள் காலை கடலுக்குப் போகிற படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் போய் நின்றேன்.

நீங்களும் இப்படிச் செய்யலாம். கேட்டுச் சென்றவர்கள் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். திருத்தத்தைப் பேசியவரின் வார்த்தையில், அவர் சம்மதத்தோடு, ஒரே வரியில் வாங்குங்கள். ‘இன்னார் தப்பாகச் சொன்னார்’ என்று நீங்களாகப் பரப்பினால் அது புறம்பேச்சு ஆகிவிடும். அவர் கையெழுத்தோடு போனால் அது வகுப்பின் மீதிப் பாடம். பள்ளிக்கூடம் என்றால் அடுத்த நாள் பலகை. மகளிர் குழு என்றால் அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம், தீர்மான நோட்டில் ஒரு வரி. படகுத்துறை என்றால் டீக்கடைச் சுவர்.

அன்று காலை டோக்கன் இடத்தில் ஒரு டிரைவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நேத்து சார் 1.6ன்னு சொன்னாரே அக்கா, நீங்க மாத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

“நான் மாத்தல தம்பி. கீழ கையெழுத்தைப் பாருங்க, அவரேதான் எழுதிக் கொடுத்தார்.”

அவர் கையெழுத்தைப் பார்த்தார். பையிலிருந்து பேனா எடுத்து, உள்ளங்கையில் 1.852 என்று எழுதிக்கொண்டு படகைப் பார்த்துப் போனார்.